தனசேகரன் டைரி எழுதத் தொடங்கிய ஆண்டு

உ

எலவனாசூர்கோட்டை
7-1-1990

அன்புள்ள ரவூபுக்கு,

ஒரு முக்கியமான முடிவைத் தெரிவிக்கவே இந்தக் கடிதம். சென்ற திங்கட்கிழமை, ஜனவரி முதல் தேதி, ராகு காலம் கழிந்து காலை ஒன்பது மணி பத்து நிமிடத்துக்கு நான் டைரி எழுதத் தொடங்கிவிட்டேன். இனி ஆயுள் உள்ளவரை எழுதுவதாக இருக்கிறேன்.

காரணம் சொல்கிறேன். எனக்குத் தூக்கம் வராதது உனக்குத் தெரியும். விழுப்புரத்து டாக்டர் மாத்திரை தரவில்லை. "மனசுல இருக்கிறதைத் தினம் ரெண்டு பக்கம் எழுதுங்க. பழைய ஞாபகங்களை எழுதுங்க. நீங்க யாருன்னு உங்களுக்கே தெரியும்" என்றார். நாற்பத்தெட்டு வயதில் நான் யார் என்று தெரிந்துகொள்வதில் தவறில்லை என்று எனக்கும் பட்டது. உரக்கடையில் இனாமாகக் கொடுத்த டைரி ஒன்று இருந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் யூரியா போடும் பருவம் அச்சிட்டிருக்கிறது. அதைப் பொருட்படுத்தாமல் எழுதுகிறேன்.

இதற்கென்று நம் ஆசாரியிடம் சொல்லி ஒரு மேசையும் செய்தாகிவிட்டது. தூங்குமூஞ்சி மரம். "இதுல மேசை செஞ்சா ஆடும்ங்க" என்றார். ஆடத்தான் செய்கிறது. ஒரு காலுக்கு அட்டை வைத்திருக்கிறேன். நான் எழுதும்போது யாரும் கூப்பிடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டிருக்கிறேன். உன் அண்ணி லட்சுமியம்மாள் முதல் நாளே வந்து, "இன்னா எழுதிக்கினு இருக்கீங்க, கரும்பு வெட்ட ஆள் வந்து நிக்குது" என்றாள். அதையும் எழுதினேன்.

பள்ளிக்கூட நாட்கள் முடிந்து இப்போது எண்பத்தேழுக்கு வந்திருக்கிறேன். இட ஒதுக்கீடு கேட்டு ரோடெல்லாம் மரத்தை வெட்டிப் போட்ட அந்தச் சாலை மறியல் வாரத்தையும் உன் வாப்பா காலமானதையும் எழுதியாக வேண்டும். தவறு வந்துவிடக்கூடாது. பக்கங்களை நகலெடுத்து அனுப்புகிறேன். சரிபார்த்துக் கொடு. அவரை ஏற்றிப் போன என் காரில் இருந்தவர்களில் நான் கடிதம் எழுதிக் கேட்கக்கூடியவன் நீ ஒருவன்தானே.

உன் வீட்டுக்காரி அத்தியாவை விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு நண்பன்,
தனசேகரன்

*

786

வெள்ளிமலை
21-1-1990

அன்புள்ள தனசேகரா,

இறைவன் அருளால் நலம். உன் கடிதம் பொங்கல் கழித்துத்தான் மலை ஏறியது. கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் பஸ் மூன்று நாள் வரவில்லை. டிரைவருக்குப் பெண் பார்க்கிறார்களாம்.

நீ டைரி எழுதத் தொடங்கியதை அத்தியாவிடம் சொன்னேன். "அவருக்கு இன்னா, பம்புசெட்டு ஓடுது, எழுதுவாரு" என்றாள். தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இங்கே குளிர் ஜாஸ்தி, கடையில் வியாபாரம் கம்மி, அந்தக் கோபம். மலையாட்கள் கடுக்காயும் தேனும் கொண்டுவருகிறார்கள், உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போகிறார்கள். ஒருவர் மட்டும் வாராவாரம் வந்து டார்ச்லைட்டை எரியவிட்டுப் பார்த்து அணைத்து வைத்துவிட்டுப் போகிறார். அவருக்கு ஊரில் ஏதோ நல்ல பெயர் இருக்கிறது, அதனால் ஒன்றும் சொல்வதில்லை.

ஞாபகங்களைச் சரிபார்க்கக் கேட்டிருக்கிறாய். எனக்கு டைரி வேண்டியதில்லை. எழுத என்னிடம் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எந்த வழியாகப் போவது என்று கடைத்தெரு முக்கில் உன் கார் நின்றபோது, "ஏரிக்கரை ரோட்டில் போ" என்று சொன்னவன் நான். வாப்பாவைப் பின்சீட்டில் மடியில் சாய்த்திருந்த என் தங்கை ஷாஜியா அதைக் கேட்டாள். மெயின் ரோட்டில் மறியல்காரர்கள் அன்று காலையில்தான் ஒரு பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு தூக்கி, விழுந்த மரங்களைத் தாண்டி அந்தப் பக்கம் நின்ற வேனில் ஏற்றி விட்டிருக்கிறார்கள். அங்கே போயிருந்தால் வாப்பாவையும் தூக்கியிருப்பார்கள். ஏரிக்கரை ரோட்டில் தூக்க ஆளில்லை. ஒரு மரம் மட்டும் குறுக்கே கிடந்தது.

"நீ சொன்ன ரோடு" என்றாள் ஷாஜியா, மையத்து வீட்டில், வாப்பாவைக் கிடத்தியிருந்தபோது, எல்லார் முன்னாலும். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. நானும் கோட்டைக் கடையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்துகொண்டேன். இரண்டு வருஷத்தில் உளுந்தூர்பேட்டைக்கு அவளுக்கு ஒன்பது கடிதம் எழுதினேன். ஒன்பதும் பிரிக்காமல் திரும்பி வந்தன. தபால்காரர் இப்போதெல்லாம் அதைத் தரும்போது என் முகத்தைப் பார்ப்பதில்லை.

அவள் மகளுக்கு அடுத்த வருஷம் நிக்காஹ் பேசுகிறார்களாம். தாய்மாமன் இல்லாமல் நடக்கும் போலிருக்கிறது. நீ ஒரு தடவை போய் அவளிடம் பேசேன். அன்றைக்கு அந்த வழியைத் தேர்ந்தெடுக்க நியாயம் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல். உன்னை மதிப்பாள்.

உன்,
ரவூப்

*

உ

எலவனாசூர்கோட்டை
18-2-1990

அன்புள்ள ரவூபுக்கு,

உன் கடிதம் படித்து லட்சுமி அழுதாள். நான் அதை டைரியில் ஒட்டி வைத்துவிட்டேன்.

ஷாஜியாவிடம் அவசியம் பேசுகிறேன். இப்போது கரும்பு வெட்டு. மில்லில் ஆர்டர் கொடுத்து நாலு நாளில் அனுப்பவில்லையென்றால் தள்ளிவிடுவார்கள். முடிந்ததும் போகிறேன். இதற்கிடையில் எண்பத்தேழாம் வருஷத்துப் பக்கங்கள் தயார். நகல் கீழே.

"செப்டம்பர் 17, வியாழக்கிழமை. இட ஒதுக்கீடு கேட்டு மாவட்டம் முழுவதும் சாலை மறியல். காலை பத்து மணிக்கு நண்பன் ரவூப் ஓடி வந்தான். அவன் தந்தையார் முகம்மது கவுஸ் அவர்களுக்கு மார்வலி. ஒரு கணமும் யோசிக்காமல் காரை எடுத்தேன். டயர் போனாலும் போகட்டும் என்று நினைத்தேன். ரவூப் ஏரிக்கரை ரோடு என்றான். அவன் மனம் புண்படக்கூடாதென்று அந்த வழியே சென்றேன். அந்தோ, மறியல்காரர்கள் அந்த ஒதுக்குப்புறச் சாலையையும் விட்டு வைக்கவில்லை! பெரிய தூங்குமூஞ்சி மரம் குறுக்கே. நான் இறங்கி, வெறும் கையால் கிளைகளை இழுத்தேன். கையில் ரத்தம். பெரியவர் என் கண்முன்னே கண் மூடினார். ரவூபின் அவசர முடிவை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை. இன்று இந்த மேசையில் அமர்ந்து அவனை மனதார மன்னிக்கிறேன்."

எப்படி இருக்கிறது? எழுதி முடித்த அன்று மூன்று மணி நேரம் தூங்கினேன்.

இதற்கு முந்தைய பக்கங்களில் என் போராட்டங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். நெடுஞ்சாலைத் துறைக்கு நான் மூன்று வருஷம் மனு போட்டது உனக்கு நினைவிருக்கும். ஏரிக்கரை வளைவில் நின்ற மரத்தின் நிழல் அரை ஏக்கர் கரும்பில் விழுந்து, அந்த மூலை மட்டும் முழங்கால் உயரத்துக்கு மேல் வராமல் கிடந்ததே. மூன்று மனுவுக்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில். சாதாரண விவசாயியை இந்த நாடு எப்படி நடத்துகிறது என்பதற்கு அது ஒரு அத்தியாயம். நம் பண்ணையாள் சின்னராசுவை மறியலில் மரம் வெட்டிய கேஸில் பிடித்துக் கடலூர் ஜெயிலில் பதினைந்து நாள் வைத்திருந்தபோது, நானே போய் ஜாமீன் எடுத்ததும் ஒரு பக்கம். விட்டு வந்தபோது பஸ் ஸ்டாண்டில் யாரோ மாலை போட்டார்கள். "இத இன்னாங்க செய்யறது?" என்று என்னைக் கேட்டான். வீட்டுக்கு வந்து மாட்டுக்குப் போட்டான். இப்படிப்பட்டவனை ஜெயிலில் போட்டார்கள்.

திருத்தம் இருந்தால் எழுது.

உன் அன்பு நண்பன்,
தனசேகரன்

*

786

வெள்ளிமலை
11-3-1990

அன்புள்ள தனசேகரா,

பக்கங்கள் கிடைத்தன. நோன்புக்கு முன்னால் கடைச் சரக்கு எடுக்க வேண்டும், ஆனாலும் இரண்டு முறை படித்தேன். கையெழுத்து முன்பைவிட அழகாயிருக்கிறது.

ஒரு திருத்தம். அது வியாழன் இல்லை, வெள்ளி. செப்டம்பர் பதினெட்டு. வாப்பா ஜும்மாவுக்குக் குளித்துவிட்டு, சலவைச் சட்டையில் ஒரு கை மட்டும் நுழைத்த நிலையில் உட்கார்ந்துவிட்டார். அந்தச் சட்டையோடுதான் காரில் ஏற்றினோம். ஒரு கை வெளியே இருந்தது.

நாள் மாறினால் என்ன என்று நினைப்பாய். வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு நான் சைக்கிளில் ஏரிக்கரை வழியாகத்தான் கடைக்குத் திரும்பினேன். ரோடு சுத்தமாக இருந்தது. வளைவு மரத்தடியில் நின்று பீடி குடித்தேன். அதனால்தான் மறுநாள் காலையில் அந்த ரோட்டைச் சொன்னேன். அந்தக் காரணத்தை ஷாஜியாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாப்பா போன பிறகு காரணம் சொல்வது வெட்கமாக இருந்தது.

இப்போது உன் பக்கங்களைப் படித்ததும் எனக்குச் சில சந்தேகங்கள். மெயின் ரோட்டில் அந்த வாரம் நாற்பது மரத்துக்கு மேல் விழுந்தது. ஏரிக்கரை ரோட்டில் விழுந்தது ஒன்றே ஒன்று. அந்த ரோட்டில் பஸ் கிடையாது, லாரி கிடையாது. உன் காரும் மாட்டு வண்டிகளும்தான். மறியல்காரர்கள் யாரை மறிக்க அங்கே வந்தார்கள்?

விழுந்தது வளைவு மரம். நீ மூன்று வருஷம் மனு போட்டதும் வளைவு மரம். சின்னராசு எந்த மரத்துக்காக ஜெயிலுக்குப் போனான் என்று உன் பக்கத்தில் இல்லை. விட்டுப்போயிருக்கும். சேர்த்துக்கொள்.

ரவூப்

*

உ

எலவனாசூர்கோட்டை
2-4-1990

அன்புள்ள ரவூபுக்கு,

உன் கடிதம் கண்டு வருத்தம். முப்பத்தைந்து வருஷப் பழக்கத்தில் நீ என்னை இப்படிக் கேள்வி கேட்டதில்லை. கணக்கு வாத்தியார் அடிக்க வந்தபோது யார் ஸ்லேட்டை மறைத்து உன்னைக் காப்பாற்றினான் என்பதை ஜனவரி நாலாம் தேதிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஞாபகம் ஒரு வினோதமான வஸ்து என்று டாக்டரும் சொல்கிறார். வியாழனோ வெள்ளியோ, அடித்துத் திருத்திவிட்டேன். மரம் வெட்டும் கும்பலுக்கு மெயின் ரோடு, குறுக்கு ரோடு என்ற பேதம் ஏது? அவர்கள் கேட்ட ஒதுக்கீடு கிடைத்துவிட்டது. நமக்குக் கிடைத்தது என்ன? இதைத்தான் நீ எழுத வேண்டும், உன் நண்பனைப் பற்றி அல்ல.

உளுந்தூர்பேட்டைக்கு இன்னும் போகவில்லை. வெட்டு முடிந்தது, கட்டைக் கரும்புக்குத் தண்ணீர் விட வேண்டும். பெருநாள் சமயத்தில் ஷாஜியாவைத் தொந்தரவு செய்யவும் மனமில்லை. லட்சுமி மாங்காய் ஊறுகாய் போட்டிருக்கிறாள். மலை பஸ்ஸில் ஆள் கிடைத்தால் அனுப்புகிறேன்.

தனசேகரன்

*

(அஞ்சல் அட்டை)

வெள்ளிமலை
15-4-1990

தனசேகரா,

ஊறுகாய் வேண்டாம். ஒன்று மட்டும் எழுது. ரோட்டு மரம் சர்க்கார் மரம். உன் மேசை எந்த மரத்தில் செய்தது?

ரவூப்

*

உ

எலவனாசூர்கோட்டை
10-6-1990

என் உயிர் நண்பன் ரவூபுக்கு,

உன் அட்டையைத் தபால்காரர் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். கவரில் கேட்டிருக்கலாம்.

ஏழு வாரம் டைரியைத் தொடவில்லை. தூக்கம் பழையபடி போய்விட்டது. டாக்டரிடம் போனேன். "எதை எழுத வேணாம்னு தோணுதோ அதை எழுதுங்க" என்றார். நேற்று எழுதினேன். ஆறு பக்கம். உனக்கும் எழுதுகிறேன். நீ கேட்டாய் என்பதற்காக அல்ல. உண்மை என்னைக் கேட்டது.

வியாழக்கிழமை இருட்டும் நேரத்துக்குச் சின்னராசு வந்தான். "ஊரே மரம் போட்டுக்கினு கீதுங்க. நம்ம வளைவு மரத்தையும் போட்டுட்டா இன்னாங்க? யாரு போட்டான்னு எவன் கேக்கப் போறான்?" என்றான். நான் வெட்டு என்று சொல்லவில்லை, ரவூப். இதை நீ கவனிக்க வேண்டும். இரட்டை ஆள் ரம்பம் மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்குப் பின்னால் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் நீ ஓடி வந்தபோது எனக்கு அது ஞாபகம் இருந்தது. முக்கில் நீ "ஏரிக்கரை ரோடு" என்றாய். காரை நியூட்ரலில் போட்டு, "நிச்சயமாவா?" என்று கேட்டேன். நீ "ஆமாடா, போடா" என்றாய். மரம் விழுந்திருக்கும் என்று சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருப்பாய். ஷாஜியாவும் பின்னால் இருந்தாள். அப்போது நான் நினைத்தது இதுதான்: சின்னராசு ஒரு நாள் வேலையை நாலு நாள் செய்கிறவன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குள் அந்தப் பெரிய மரத்தை முடித்திருப்பான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்? இன்னொரு ஆளைக் கூட்டிக்கொண்டு விடியும் முன்பே போய் வெட்டியிருக்கிறான். அவன் வாழ்நாளில் சுறுசுறுப்பாகச் செய்த வேலை அது ஒன்றுதான். விதி வேறு எப்படி வரும்?

பிறகு மரத்தைத் துறையார் ஏலம் விட்டார்கள். வேறு யாரும் கேட்க வரவில்லை. ஆம், மேசை அதில் செய்ததுதான். விறகாகப் போவதைவிட ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்படட்டும் என்று நினைத்தேன்.

ஷாஜியா உன்னைச் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். சொல்லியிருக்கலாம். துக்க வீட்டில் இன்னொரு பிரச்சினை எதற்கு என்று இருந்துவிட்டேன். பிறகு ஒவ்வொரு மாதமும் சொல்வது கடினமாகிக்கொண்டே போனது. நீ மலைக்குப் போன பிறகு அவசியமும் குறைந்தது.

எழுதி முடித்ததும் மனம் பஞ்சுபோல ஆகிவிட்டது, ரவூப். நேற்று ஏழு மணி நேரம் தூங்கினேன். லட்சுமி பயந்துபோய் மூக்கில் கை வைத்துப் பார்த்தாளாம். நான் யார் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தப்புச் செய்தாலும் அதை ஒப்புக்கொள்ளும் தைரியமுள்ள மனிதன். டாக்டர் சொன்னது பலித்துவிட்டது. இந்த நிலைக்கு என்னைக் கொண்டுவந்தவன் நீ. அதற்கு நன்றியும் அதே பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

இதை நமக்குள் வைத்துக்கொள்வோம். ஷாஜியாவுக்குத் தெரிந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. கோட்டைக்கு வா. பழையபடி ஏரிக்கரையில் நடந்துவிட்டு வரலாம்.

என்றும் உன் அன்பு நண்பன்,
தனசேகரன்

*

உ

எலவனாசூர்கோட்டை
22-7-1990

அன்புள்ள ரவூபுக்கு,

ஆறு வாரமாகப் பதில் இல்லை. மலை பஸ் வரவில்லையா? உடம்பு சுகமா? டைரியில் தினமும் "ரவூபிடமிருந்து கடிதம் இல்லை" என்று எழுதுகிறேன். தூக்கம் மறுபடி கொஞ்சம் கம்மியாகிறது. இரண்டு வரி போடு.

தனசேகரன்

*

786

வெள்ளிமலை
9-9-1990

திரு. தனசேகரன் ஐயா அவர்களுக்கு,

மு. ரவூப் எழுதிக்கொள்வது. தங்கள் 10-6-90, 22-7-90 தேதியிட்ட கடிதங்கள் கிடைத்தன. பஸ் ஒழுங்காக வருகிறது. டிரைவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது.

தாங்கள் சரிபார்க்கச் சொன்ன பக்கங்களில் பிழை எதுவும் இல்லை. ஒன்று மட்டும். மறியல்காரர்களும் தாங்களும் மரம் வெட்டியது ஒரே வாரத்தில் என்பதால் தங்கள் டைரியில் இரண்டும் ஒன்றாகக் கலந்திருக்கிறது. அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்குப் படிப்பும் வேலையும் கேட்டு வெட்டினார்கள். தாங்கள் வெயில் கேட்டு வெட்டினீர்கள். இப்போது ரேடியோவில் டெல்லிப் பக்கம் ஒதுக்கீட்டுக்கு எதிராகக் கலவரம் என்று சொல்கிறார்கள். அதைப் பற்றியும் எழுதுவீர்கள் என்பதால் முன்கூட்டியே தெரிவிக்கிறேன்.

தங்கள் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்துக்கொண்டு சென்ற திங்கட்கிழமை உளுந்தூர்பேட்டை போனேன். ஷாஜியா கதவைத் திறந்து, மூட வந்தாள். "இது என் கடிதம் இல்ல. தனசேகரன் கடிதம்" என்றேன். வாங்கிக்கொண்டாள். நின்றபடியே படித்தாள். ஐந்து பக்கமும் படித்துவிட்டு, மூன்றாம் பக்கத்தை மறுபடி படித்தாள்.

"தெரிஞ்சுக்கினே கம்முனு ஓட்டினாரா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"நிச்சயமாவான்னு கேட்டாரே. எனக்கும் ஞாபகம் இருக்குது. குண்டும் குழியுமா இருக்கும், அதுக்குக் கேக்கறாருன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

"நீ எதுக்கு அந்த ரோட்ட சொன்ன?"

முந்தின நாள் சாயங்காலம் மரம் நின்றதைச் சொன்னேன். மூன்று வருஷத்தில் அவள் என்னை அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் சொன்னதும் அதுதான் முதல் தடவை. கடிதத்தை மடித்தாள். பிறகு, "வாப்பாவோட அந்தச் சட்டை என்கிட்டதான் இருக்குது. ஒரு கை மட்டும் கசங்கியிருக்கும்" என்றாள். தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். மகள் நிக்காஹ் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடிதத்தை அவளே வைத்துக்கொண்டாள். டைரிக்கு நகல் தேவைப்பட்டால் அவளிடம் கேட்டுப் பெற்றுக்கொள்ளவும். முகவரி தங்களுக்குத் தெரியும். போவதாக நான்கு முறை எழுதியிருந்தீர்கள் என்று நினைவு. எண்ணிப் பார்த்தேன், இரண்டு முறைதான். இதையும் சரிசெய்துகொள்கிறேன்.

இனி எதையும் சரிபார்க்க அனுப்ப வேண்டாம். வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்பும்படி தபால்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்கு அது பழக்கமான வேலை.

திரும்பும்போது கோட்டையில் இறங்கி ஏரிக்கரை ரோட்டில் வளைவு வரைக்கும் நடந்தேன். மரம் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. ரோட்டோரம் வரைக்கும் கரும்பு ஒரே உயரமாக நிற்கிறது.

இப்படிக்கு,
மு. ரவூப்